காலதரும் காற்றளவும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு மேற்கே அமைந்த ஊர் சேந்தமங்கலம். இவ்வூரைச் சூழ்ந்த சமவெளியின் பழைய ஓட்டு வீடுகள் கோடையின் கடுமையை அறிந்தோர் கட்டியவை. நடுவே திறந்த முற்றம்; அதனைச் சுற்றித் தாழ்வாரம்; அடுக்களைக்கு மேலே ஓடுகளின் இடைவெளி. வெப்பமுற்ற காற்று எடை குறைந்து மேலெழும். அது வெளியேறிய இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழ்வழியே உள்ளே புகும். அடுப்பு எரியுந்தோறும் இவ்வியக்கம் தானே நிகழ்ந்தது.

சாளரத்துக்குக் காலதர் என்பது பழந்தமிழ்ப் பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒளியை விடுத்துக் காற்றினைக் கொண்டே பெயரிட்டமை நோக்கத்தக்கது. மானின் கண்போன்ற காலதர்களைச் சிலப்பதிகாரமும் குறிப்பிடுகின்றது.

இக்காலத்துக் கற்காரை வீடுகளுக்கு முற்றமும் இல்லை; ஓட்டிடைவெளியும் இல்லை. எனவே அடுக்களைப் புகை வெளியேறத் தனியே வழி வகுத்தல் வேண்டும். புகையினால் விளையும் கேடு கண்ணெரிச்சலோடு முடிவதன்று. வீட்டினுள் எழும் அடுப்புப்புகை முதலிய மாசுகளால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடைத்த அறையில் கரியடுப்பு எரியுமாயின் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி பெருகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் அதனை உணராமலே உயிர் துறப்பர்.

இக்கேட்டைத் தடுக்கவே கட்டட விதிகள் காற்றோட்டத்தை வற்புறுத்துகின்றன. இந்தியத் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு 1970ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்து, 2016ஆம் ஆண்டிலும் திருத்தியமைக்கப்பெற்றது. வாயிற்கதவு நீங்கலாக, சாளரத் திறப்புகளின் மொத்தப் பரப்பு, வறண்ட வெப்பநிலப் பகுதிகளில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கேனும், ஈரம் மிக்க வெப்பநிலப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது அது கூறும் அளவு. 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறைக்கு முன்னதன்படி 1.2 சதுர மீட்டரும், பின்னதன்படி 2 சதுர மீட்டரும் தேவை. அடுத்த வீட்டுச் சுவரை முட்டி நிற்கும் சாளரத்தால் அளவு நிறையலாம், காற்று வாராது.

சாளரம் போதாத இடத்தில் காற்றை வெளியேற்றும் மின்விசிறியைப் பொருத்துவர். விசிறி சுழல்வது வேறு, காற்று வெளியேறுவது வேறு. குழாய் நீண்டு வளைந்திருப்பின், அல்லது வெளிவாயில் அடைபட்டிருப்பின், ஓசைக்குக் குறைவிராது. புகை மட்டும் அறையிலேயே தங்கும். ஆதலால் இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், புதுவீட்டில் பொருத்திய விசிறியின் காற்றளவைச் சோதித்து முடிவினை அதிகாரிகளுக்கு அறிவிக்குமாறு பணிக்கின்றன. அடுப்பின்மேல் புகைக்கவிகை அமைந்திருந்தால் நொடிக்கு 30 லிட்டர், இல்லையேல் 60 லிட்டர் காற்று அடுக்களையிலிருந்து வெளியேற வேண்டும் என்பது அந்நாட்டு வழிகாட்டு நூலின் அளவு. குளியலறைக்கு 15 லிட்டர் போதும்.

அளக்கும் முறை எளிது. அனிமாமீட்டர் என்னும் காற்றுவேகமானியைத் திறப்பின் முன் பிடித்துப் பல இடங்களில் வேகத்தைக் கண்டு சராசரி எடுப்பர். திறப்பின் பரப்பு 0.02 சதுர மீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டர் எனின், பெருக்கிவரும் தொகை 0.06 கன மீட்டர். அஃதாவது 60 லிட்டர். அளவு குறைந்தால் விசிறியைக் குறைகூறுமுன் கதவைப் பார்த்தல் வேண்டும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே புகக் காற்றுக்கு வழியில்லையேல் எந்த விசிறியும் பயன்படாது. அதன்பொருட்டே கதவின் அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுவர்.

கருவி இல்லாத வீட்டில் ஊதுவத்தி ஒன்றே போதும். கதவைச் சாத்தி, விசிறியைச் சுழலவிட்டு, அதன் அருகே வத்தியைப் பிடித்தால், புகை விசிறியை நோக்கி வளைந்தோடுதல் வேண்டும். நேரே மேலெழுந்தாலோ, அறைக்குள் திரும்பினாலோ, வழியில் தடையுண்டு என அறியலாம். பெரும்பாலும் அத்தடை, தாளிப்பின் எண்ணெயும் தூசியும் இறுகிய விசிறியின் இதழ்களிலேயே இருக்கும்.