டச்சுப் பொற்காலத்தில் அறிவியலும் தொழில்நுட்பமும்

டச்சுப் பொற்காலம் என்பது, ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துப் பிரிந்த நெதர்லாந்துக் குடியரசு வணிகம், கடற்பயணம், ஓவியம், அறிவியல் ஆகியவற்றில் முன்னணியில் இருந்த காலப்பகுதியாகும். பொதுவாக 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இப்பெயரால் குறிக்கப்படுகிறது. இக்கால டச்சு அறிவியல் பல்கலைக்கழகங்களில் மட்டும் வளரவில்லை. தச்சர்களும் மூக்குக்கண்ணாடி செய்பவர்களும் கடிகாரக் கைவினைஞர்களும் துணி வணிகர்களும் அதில் பங்கெடுத்தனர்.

நீரும் காற்றும்

நெதர்லாந்தின் நிலத்தில் கணிசமான பகுதி கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது. எனவே நீரை வெளியேற்றுவது அந்நாட்டு மக்களுக்கு வாழ்வா சாவா என்ற சிக்கலாக இருந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே இருந்த பேம்ஸ்டர் ஏரி 1612இல் வற்றவைக்கப்பட்டு விளைநிலமாக்கப்பட்டது. முதலில் ஏரியைச் சுற்றிக் கரை எழுப்பி, அதன் வெளிப்புறத்தில் கால்வாய் வெட்டினர். பின்னர் காற்றாலைகள் நீரை இறைத்து அக்கால்வாயில் கொட்டின. ஒரு காற்றாலையால் சிறிதளவு உயரத்திற்கே நீரை ஏற்ற முடியும் என்பதால், படிப்படியாக நீரை உயர்த்தும் வகையில் பல ஆலைகள் வரிசையாக அமைக்கப்பட்டன. பேம்ஸ்டர் 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமானது.

காற்று மரம் அறுக்கவும் பயன்பட்டது. கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்பவர் காற்றால் இயங்கும் மர அறுவை ஆலைக்கு 1593இல் காப்புரிமை பெற்றார். இதிலுள்ள வளைந்த தண்டு, சக்கரத்தின் சுழற்சியை ரம்பத்தின் மேல்கீழ் அசைவாக மாற்றியது. பலகைகள் விரைவாகக் கிடைத்ததால் சான் ஆற்றுப் பகுதியில் கப்பல் கட்டும் தொழில் பெருகியது. குறைந்த மாலுமிகளுடன் அதிகச் சரக்கை ஏற்றிச் செல்லும் 'ஃப்ளூட்' வகைக் கப்பல்களும் இக்காலத்தில் உருவாயின.

மக்கள் மொழியில் கணிதம்

ஐரோப்பிய அறிஞர்கள் பெரும்பாலும் இலத்தீனில் எழுதிய காலத்தில், சைமன் ஸ்டெவின் (1548–1620) டச்சு மொழியில் எழுதினார். 1585இல் வெளியான அவரது சிறுநூல், தசம பின்னங்களை அன்றாடக் கணக்கில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதை நில அளவையாளர், வணிகர் முதலியோருக்கு விளக்கியது. 1600இல் அவரது பாடத்திட்டத்தின்படி லைடன் நகரில் பொறியியல் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அங்கு டச்சு மொழியிலேயே பாடம் நடந்ததால், இலத்தீன் அறியாத இளைஞர்களும் கற்க முடிந்தது.

வில்லைகள் காட்டிய உலகம்

மிடல்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஷே, தொலைநோக்கிக்கான காப்புரிமையை 1608இல் கோரினார். வேறு சிலருக்கும் இந்நுட்பம் தெரிந்திருந்ததால் காப்புரிமை மறுக்கப்பட்டது. ஆனால் கருவி பற்றிய செய்தி ஐரோப்பா எங்கும் பரவியது. அடுத்த ஆண்டே கலிலியோ தாமே மேம்பட்ட தொலைநோக்கிகளைச் செய்து வானை நோக்கினார்.

டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான அந்தோனி வான் லீவன்ஹூக் (1632–1723) பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர்; இலத்தீனும் அறியாதவர். தாமே உருவாக்கிய மிகச் சிறிய ஒற்றை வில்லை நுண்ணோக்கிகளால், நீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிரினங்களைக் கண்டார். இதை 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதியபோது அங்கிருந்தோர் ஐயுற்றனர். அவர் மதகுருமார் உள்ளிட்ட பலரை அழைத்துக் காட்டி, அவர்களது சான்றுரைகளை அனுப்பினார். 1677இல் ராபர்ட் ஹூக் இதே உயிரினங்களைக் கண்டு உறுதிசெய்தார். எனினும் தமது சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை லீவன்ஹூக் எவருக்கும் வெளியிடவில்லை.

காலத்தை அளத்தல்

கிறிஸ்டியான் ஹைகன்ஸ் (1629–1695) சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனை 1655இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு ஊசல் கடிகாரத்தை வடிவமைத்தார். அதைச் செய்து தந்தவர் சாலமன் கோஸ்டர் என்னும் கடிகாரக் கைவினைஞர். அதற்கு முந்தைய கடிகாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 15 நிமிடம் பிழை காட்டின. ஊசல் கடிகாரங்கள் அப்பிழையைச் சில விநாடிகளாகக் குறைத்தன.

கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கவும் துல்லியமான கடிகாரம் தேவைப்பட்டது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையும் கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தையும் ஒப்பிட்டால் தீர்க்கரேகை கிடைக்கும். ஆனால் கப்பலின் ஆட்டம் ஊசலைக் குலைத்ததால் ஹைகன்ஸின் முயற்சி முழு வெற்றி பெறவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் ஊசல் இல்லாத கடிகாரத்தால் இதைச் சாதித்தார்.

அச்சகங்களும் கடல் கடந்த அறிவும்

பிற நாடுகளில் தடைசெய்யப்பட்ட கருத்துகளுக்கு டச்சு அச்சகங்கள் இடமளித்தன. இத்தாலியில் தண்டிக்கப்பட்டு வீட்டுக்காவலில் இருந்த கலிலியோவின் கடைசி நூல் 1638இல் லைடனில் அச்சானது.

டச்சு அறிவியல் நூல்களில் பிற நாட்டவரின் அறிவும் அடங்கியிருந்தது. கொச்சியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் தாவர நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. கேரள வைத்தியர் இட்டி அச்சுதனும் கொங்கணி வைத்தியர் மூவரும் அளித்த மூலிகை அறிவே இதற்கு அடிப்படை. இதே கம்பெனிதான் ஆசியாவில் போராலும் அடிமை வணிகத்தாலும் பொருள் ஈட்டியது. அச்செல்வமும் பொற்காலத்தைத் தாங்கியது.

தாக்கம்

1672இல் பிரான்சும் இங்கிலாந்தும் தொடுத்த போர் குடியரசை ஆட்டங்காணச் செய்தது. அதன் பிறகு வணிக வலிமை மெல்லக் குறைந்தது. ஆயினும் தொலைநோக்கி வானியலுக்கும், நுண்ணோக்கி நுண்ணுயிரியலுக்கும், ஊசல் கடிகாரம் துல்லியமான அளவீட்டுக்கும் வழி திறந்தன. கைத்தொழில் அறிவும் ஏட்டறிவும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்ததே இச்சாதனைகளுக்கு முக்கியக் காரணமாகும்.