கடலைக்குக் காவல் சோளத் தோகை

நிலக்கடலையில் இலை மஞ்சள் வளையமிட்டு, நுனிக் குருத்து கருகி, செடி கட்டையாக நிற்கிறதா? அது மொட்டுக் கருகல் நோய். வைரஸ் என்னும் நச்சுயிரியால் வருவது, இலைப்பேன் பரப்புவது. “மருந்தடிச்சா சரியாயிடுமா?” என்பீர்கள். மருந்தில் பேன் சாகும். செடிக்குள் புகுந்த நச்சுயிரி சாகாது.

இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி சோளத் தோகைச் சாறு. தோகை இல்லையா, தென்னை ஓலை போதும். காயவைத்து, நறுக்கி, பொடியாக்குங்கள். ஒரு கிலோ பொடிக்கு 2 லிட்டர் தண்ணீர் விட்டு, 60 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். கொதிக்க விடாதீர்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்குங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் வேண்டும். அதாவது ஒரு தெளிப்புக்கு 20 கிலோ பொடி. இடிக்கிற வேலைதான் கொஞ்சம் பெண்டு நிமிர்த்தும்!

விதைத்த 10-ஆம் நாள் ஒரு தெளிப்பு, 20-ஆம் நாள் மறு தெளிப்பு. இந்த நாள் கணக்கைத் தவற விடாதீர்கள். ஏனென்றால், சாறு நச்சுயிரியை நேரே கொல்வதில்லை. நோய் தொற்றுமுன்பே செடியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவைக்கிறது. குருத்து கருகியபின் அடித்தால் சாறுதான் வீண். அப்படிப்பட்ட செடிகளை, விதைத்து ஆறு வாரம் வரை, கண்ட கண்ட இடத்தில் பிடுங்கி அழித்துவிடுங்கள்.