‘இப்போதைக்கு டைரக்டா கொடுத்துட்டுப் போங்கண்ணே!’ - ராத்திரியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐப்பசி மழை. ராத்திரி ஒன்பதரை மணி. எதிர் வீட்டில் டி.வி. ஓடுகிற சத்தம் கேட்கிறது. நம் வீடு மட்டும் இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு சுவிட்ச் கீழே விழுந்து கிடக்கிறது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனுக்கு போன் போகிறது. “அண்ணே, கரண்ட்டு நிக்கவே மாட்டேங்குது. சின்னப் பிள்ளைய வச்சிருக்கோம், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” அவரும் நனைந்துகொண்டே வருகிறார். அரை மணி நேரம் தேடியும் கோளாறு எங்கே என்று பிடிபடவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தை நம் வாயிலிருந்து வருகிறது: “சரிண்ணே, இப்போதைக்கு டைரக்டா கொடுத்துட்டுப் போங்க. காலைல பாத்துக்கலாம்.”

அந்தக் காலை பல வீடுகளில் வருவதே இல்லை. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, விஷயம் மறந்துபோகிறது. விழுந்து விழுந்து எச்சரித்த சுவிட்சைத் தாண்டி ஒயர் போட்ட வீட்டில் மாதக்கணக்கில் குடும்பம் நடக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் வத்தலக்குண்டை ஒட்டியிருக்கும் சேவுகம்பட்டி போன்ற பேரூராட்சிகளில் எலக்ட்ரீஷியன் என்பவர் செயலியில் புக் செய்தால் வருகிற ஆள் இல்லை. உறவுக்காரராகவோ, பக்கத்துத் தெருக்காரராகவோ இருப்பார். மோட்டாருக்கும் அவர்தான், மிக்ஸிக்கும் அவர்தான், கல்யாண வீட்டு சீரியல் செட்டுக்கும் அவர்தான். இதில் பெரிய வசதி இருக்கிறது. ஆனால் தெரிந்தவர் என்பதாலேயே நாம் சொல்வதை அவரால் தட்ட முடியாது. டைரக்டாகக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுவார்.

முதல் கேள்வி: இ.பி.க்கா, எலக்ட்ரீஷியனுக்கா?

கரண்ட் போனதும் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்து வீடு. அங்கேயும் இருட்டு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பயனில்லை. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், மீட்டர் இரண்டும் மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வருவதுதான் நம் பொறுப்பு. எலக்ட்ரீஷியன் கை வைக்கலாம் என்றால் அந்தப் பக்கம்தான். மீட்டர் சீலை அவர் உடைத்தாலும் பிரச்சினை வீட்டுக்காரருக்கே வரும். மீட்டரில் கை வைப்பது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம்.

மின்வாரியத்துக்கான எண் 94987 94987. 2021 ஜூனில் தொடங்கப்பட்ட ‘மின்னகம்’ சேவை மையம் இது. 24 மணி நேரமும் இயங்குகிறது. கூப்பிட்டதும் மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். இருட்டில் பழைய கரண்ட் பில்லைத் தேடி அலையாமல், அந்த எண்ணை மெயின் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

இதில் ஊர்ப்பக்கம் ஒரு பழக்கம் உண்டு. லைன்மேன் வரத் தாமதமானால், “நம்ம தம்பி ஏறிப் போட்டுருவான்” என்று தனியாரைக் கரண்டு மரத்தில் ஏற்றுவது, டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போடச் சொல்வது. எவ்வளவு அவசரமானாலும் இதைச் செய்யக் கூடாது. ஒரு பக்கம் லைனை நிறுத்தியிருந்தாலும், யாரோ ஒருவர் வீட்டில் தவறாக இணைத்த ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பக் கம்பிக்கு ஏற முடியும். லைனை நிறுத்தி, எர்த் செய்து, அனுமதி வாங்கி ஏறுகிற முறை மின்வாரிய ஊழியர்களுக்கு இருக்கிறது. ஊர்த் தம்பிக்கு அது எதுவும் இல்லை.

பல்பு கண்ணைப் பறித்தால்…

கரண்ட் போவதைவிட ஆபத்தான ஒன்று, கரண்ட் அதிகமாக வருவது. நம் வீட்டு பல்பு திடீரென்று பளீரென எரிகிறது. ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றுகிறது. அதே நேரம் எதிர் வீட்டில் விளக்கு மங்கிக் கிடக்கிறது. இது பெரும்பாலும் லைனில் நியூட்ரல் அறுந்ததன் அடையாளம். தெருவில் ஓடுவது மூன்று ஃபேஸ். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபேஸும் பொதுவான நியூட்ரலும் வருகின்றன. அந்த நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் என்ற கணக்கு குலைந்துவிடும். லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் ஏறி, சில சமயம் 400-ஐ நெருங்கும். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் சில நொடிகளில் போய்விடும்.

இந்த நேரத்தில் யாருக்கும் போன் போடுவதற்கு முன்னால் மெயினை அணைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையும் அணைக்கச் சொல்லிவிட்டு, பிறகு மின்னகத்தைக் கூப்பிடலாம். எதிர் வீட்டில் எல்லாம் சரியாக இருந்து நம் வீட்டில் மட்டும் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், மெயின் பெட்டியிலோ சர்வீஸ் ஒயரிலோ இணைப்பு லூஸாக இருக்கலாம். பெட்டியிலிருந்து சிர்ரென்று சத்தமோ, பிளாஸ்டிக் கருகிய வாடையோ வந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே ஆள் வர வேண்டும்.

விழுகிற சுவிட்ச் எது?

மெயின் பெட்டியில் இரண்டு வகை சுவிட்ச் இருக்கும். அளவில் சிறியது எம்.சி.பி. ஒயர் தாங்குவதைவிட அதிகமாக மின்சாரம் ஓடினாலோ, ஷார்ட் ஆனாலோ விழும். அதன் வேலை ஒயரைக் காப்பாற்றுவது. அதைவிட அகலமாக, மேலே ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தானுடன் இருப்பது ஆர்.சி.சி.பி. அதன் வேலை ஆளைக் காப்பாற்றுவது. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது சுவர் வழியாகவோ, ஒருவரின் உடல் வழியாகவோ கசிந்தால் உடனே விழும். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் வகை. எம்.சி.பி.யால் இதைச் செய்ய முடியாது. ஒரு மனிதனின் உயிரை எடுக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை; 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. தமிழ்நாட்டில் புதிய மின் இணைப்புகளுக்கு இந்தக் கசிவுத் தடுப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பழைய வீடுகளில்தான் பாக்கி.

மழை ராத்திரியில் நிற்காமல் விழுவது பெரும்பாலும் இந்த ஆர்.சி.சி.பி.தான். அதற்கு டைரக்ட் கொடுப்பது என்றால், எங்கோ கசிகிறது என்று தெரிந்த பிறகு காவலாளியை வெளியே அனுப்புகிறோம் என்று அர்த்தம்.

அப்படியானால் ராத்திரி முழுக்க இருட்டில் உட்காருவதா? வேண்டியதில்லை. ஈரமில்லாத கையோடு, செருப்பு போட்டுக்கொண்டு நாமே ஒன்று செய்து பார்க்கலாம். எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்க வேண்டும். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக மேலே தூக்கலாம். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில்தான் கசிவு. மாடிப்படி விளக்கு, வெளி வாசல் பிளக், கீசர், தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஆகியவைதான் வழக்கமான சந்தேக நபர்கள். அதை மட்டும் அணைத்துவிட்டு மற்ற அறைகளில் விளக்கு போட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வந்தே ஆக வேண்டும். எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் ஒயர் ஈரச் சுவரில் எர்த்தோடு ஒட்டியிருந்தால் அதை அணைத்தும் கோளாறு விலகாது. நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். இன்வெர்ட்டர் இருக்கிற வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மற்ற லைனின் நியூட்ரலும் கலந்து கிடந்தால் கசிவே இல்லாமலும் அது விழும். இதைப் பிரித்துச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் “ஆர்.சி.சி.பி.யே வேஸ்ட்டுங்க” என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: “அண்ணே, கோளாறு இருக்கிற லைனை மட்டும் கழட்டி வச்சுட்டு மத்ததைக் கொடுங்க.” அவருக்கும் வேலை குறைவு, கூலியும் அதே கூலி.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் நடக்கும் தவறு வேறு மாதிரி. விளக்கு லைனின் 1.5 சதுர மி.மீ. ஒயருக்குப் போட்டிருந்த 10 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டிவிடுவார்கள். பிறகு விழவே விழாது. ஆனால் சுவருக்குள் ஒயர் சூடாகி உருகும். 2,000 வாட் கீசர் ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன்தான் வழி. பழைய பீஸ் கட்டைகளில் கெட்டியான செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் இதே கதைதான்.

யாரைக் கூப்பிடுவது?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பல்பு, ஃபேன், சுவிட்ச், பீஸ் மாதிரியானவற்றை இருந்தபடியே மாற்றுவது தவிர, வீட்டு ஒயரிங்கில் சேர்ப்பதோ, மாற்றுவதோ, பழுது பார்ப்பதோ உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் அந்த உரிமத்தையும் சான்றையும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். ஐ.டி.ஐ. படிக்காமல் வேலையிலேயே கற்றுக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒயரிங்கில் ஐந்தாண்டு அனுபவமும் 21 வயதும் நிரம்பியவர்கள் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். அரசு ஐ.டி.ஐ.களில் இந்தத் தேர்வு நடக்கிறது.

நடைமுறையில் ஊருக்குள் எத்தனை பேரிடம் நாம் சான்று கேட்டிருக்கிறோம்? “நம்ம மாமன் மகன்கிட்டப் போய் சர்ட்டிபிகேட் கேக்குறதா?” என்ற கூச்சம் இருக்கத்தான் செய்யும். அப்படியென்றால் வேலையைக் கவனியுங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன் மெயினை அணைக்கிறாரா? அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்கிறாரா? இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்கிறாரா? மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருக்கும் என்பதால் இந்தக் கேள்வி முக்கியம். மூன்று ஓட்டை பிளக்கில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கிறாரா? எர்த் இல்லாத வீட்டில் எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுபவர் என்றால், அவரை அத்தோடு விட்டுவிடுங்கள். அந்த நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால் கிரைண்டரின் இரும்பு உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கும்.

ஒருவர் எண்ணை மட்டும் வைத்திருப்பதும் போதாது. தை மாதம் சேவுகம்பட்டியில் சோலைமலை அழகர் கோயில் வாழைப்பழம் சூறைவிடும் விழா போன்ற நாட்களிலும், முகூர்த்த நாட்களிலும் எலக்ட்ரீஷியன்கள் பந்தல் வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டு பேரைப் பகலிலேயே, சின்ன வேலைகளுக்குக் கூப்பிட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். ராத்திரி வந்தால் எவ்வளவு, பொருள் தனியா என்பதையும் அப்போதே பேசிவிடலாம். நள்ளிரவில் மழையில் வருகிறவருக்குக் கூடுதல் கூலி நியாயம்தான். அதில் பேரம் பேசினால் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். ஒயர், எம்.சி.பி. வாங்கும்போது மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

ஷாக் அடித்தால்

எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருக்க முடியாத ஒரே அவசரம் இது. ஒருவர் கரண்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடக் கூடாது. மெயினை அணைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த பலகை மீது நின்றுகொண்டு காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடலாம். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும்தான். தெருவிலோ தோப்பிலோ அறுந்து விழுந்த கம்பி என்றால் கட்டையோடும் பக்கத்தில் போகாதீர்கள். விலகி நின்று மின்னகத்துக்குச் சொல்லுங்கள்.

விலக்கியதும் மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, உடனே 108. மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை. அவரே எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னாலும் விடாதீர்கள். வெளியே காயம் தெரியாமலே இதயத் துடிப்பு தடுமாறியிருக்கலாம். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.