கையிலுள்ள வேலையை விடாமல் நேர்முகப் பரீட்சைக்குப் போவது எப்படி?

நேர்முகப் பரீட்சைக் கடிதத்தோடு எமது அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகள், "அங்கை என்ன கேப்பினம்?" என்று கேட்பது குறைவு. "கடையில என்ன சொல்லிப்போட்டுப் போறது?" என்பதுதான் முதற் கேள்வி. பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டக் குடும்பங்களிலிருந்து சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏறிக் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகள் இவர்கள்.

இப்படி வந்த ஒரு தம்பி, எங்களிடம் வருமுன்பே வேலையை விட்டுவிட்டார். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் புடைவைக் கடையில் 4 வருடமும் 9 மாதமும் நின்றவர். கிளிநொச்சிப் பக்கத் தொழிற்சாலை ஒன்று அழைத்தது. லீவு கேட்டால் முதலாளி ஏசுவார் என்று பயந்து, விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே எடுபடவில்லை. கடையிலும் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அவர் இழந்தது சம்பளத்தை மட்டுமல்ல. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்குக் கூடவோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியானால், தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். கடைசியாக எடுத்த மாதச் சம்பளம் 40,000 ரூபா என்றால், 5 வருடத்துக்கு ஒரு இலட்சம் ரூபா. தம்பிக்கு மூன்று மாதம் குறைந்துவிட்டது. ஆகவே வேறு இடம் தேடுபவர்கள் முதலில் தாங்கள் சேர்ந்த திகதியைப் பாருங்கள்.

அவர் கேட்கப் பயந்த லீவு சட்டத்திலேயே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வருடத்துக்கு 7 நாள் அமைய லீவு தருகிறது. முதல் வருடத்தில் என்றால், பூர்த்தியான ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் எதற்கும் அதை எடுக்கலாம். நேர்முகப் பரீட்சையும் சொந்த அலுவல்தானே! "வியாழக்கிழமை சொந்த அலுவலா ஒருநாள் லீவு வேணும் ஐயா" என்று இரண்டு மூன்று நாள் முந்தியே எழுதிக் கொடுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பொய்யும் வேண்டாம். ஒரே அம்மம்மாவை இரண்டு தரம் சாகக் கொடுத்துப் பிடிபட்ட பிள்ளையும் எங்களுக்குத் தெரியும். சொல்லாமல் நின்றுவிடுவது அதைவிட மோசம். வேலையைக் கைவிட்டதாகக் கடிதம் வரும்.

தோட்டத்திலேயே நாட்சம்பளத்துக்கு நிற்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சம்பளச் சபையின் தீர்மானங்களே பொருந்தும். அவர்கள் முதல்நாளே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

திகதியை மாற்றக் கேட்கலாமா? தனியார் நிறுவனமென்றால் தாராளமாகக் கேட்கலாம். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, "இப்ப ஒரு இடத்தில வேலையில இருக்கிறன், சனிக்கிழமை பின்னேரம் அல்லது போயா நாளுக்கு முந்தின நாள் வரலாமோ?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக எடுப்பவர்கள் குறைவு. இருக்கிற வேலையை மதிக்கிற ஆள் என்றுதான் நினைப்பார்கள். கடைத் தொலைபேசியில் மட்டும் கூப்பிடாதீர்கள். தெரிவு செய்யும்வரை இப்போதைய முதலாளியிடம் விசாரிக்க வேண்டாம் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் பெரிய ஊரில்லை.

அரசாங்க வேலைக்கான நேர்முகப் பரீட்சை வேறு மாதிரி. அங்கே குறித்த திகதியை மாற்றுவார்கள் என்று நம்பியிருக்கக் கூடாது. மூலச் சான்றிதழ்களும் பிரதிகளும் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும். ஏற்கனவே அரச சேவையில் இருப்பவர் என்றால், விண்ணப்பத்தையே திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பும்படிதான் வர்த்தமானி அறிவித்தல்களில் கேட்பார்கள். அவர்களுக்கு ஒளிப்பு மறைப்பே இல்லை.

"நீங்க எடுபட்டிட்டீங்க, வாங்கோ" என்று வாயால் சொன்னதும் துள்ள வேண்டாம். சம்பளமும் சேரும் திகதியும் எழுதிய நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே விலகல் கடிதம் எழுதுங்கள். எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டுமென்று பழைய நியமனக் கடிதத்தில் இருக்கும். சேரும் திகதியை அதற்கேற்ப புதிய இடத்தில் கேட்டு வாங்குங்கள். பணிக்கொடைக்கு உரியவர் என்றால், விலகி 30 நாளுக்குள் அது தரப்பட வேண்டும். சேமலாப நிதி இலக்கத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் அந்த இலக்கத்தில்தான் கிடக்கின்றன. இடம் மாறியதால் அழிந்துபோகாது.

விலகல் கடிதம் எழுதுமுன் சேர்ந்த திகதி தெரியும் ஏதாவது ஒரு துண்டோடு எங்களிடம் வாருங்கள். மாதக் கணக்கைச் சேர்ந்திருந்தே பார்ப்போம்.