சாமி நிறம் மாறாது, பின்னணி மாறலாம்: தஞ்சாவூர் ஓவியங்களுக்கு கலர் ட்ரெண்ட் எப்படிக் கைகொடுக்கும்?

சென்னையில் புது ஃபிளாட் வாங்கிய இளம் தம்பதி, மொபைலில் தஞ்சாவூர் ஓவியம் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சுவரெல்லாம் வெள்ளை, சோஃபா சாம்பல் நிறம். ஸ்க்ரீனில் வருவதோ அடர் சிவப்புப் பின்னணியில் தங்கம் மின்னும் கிருஷ்ணர். "சூப்பரா இருக்கு... ஆனா நம்ம ஹாலுக்கு செட் ஆகுமா?" என்று ஒருவர் கேட்பதற்குள் விரல் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. ஓவியத்தில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு ஆர்டர் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் கலர் ட்ரெண்ட் பற்றித் தெரிந்துவைத்திருப்பது ஓவியருக்கு உதவும். ஆனால், அதை எங்கே பயன்படுத்துவது, எங்கே தொடவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ட்ரெண்டை யார் முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000-ம் ஆண்டில் இருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறத்தை அறிவித்துவருகிறது. 2023-க்கு விவா மெஜந்தா, 2024-க்கு பீச் ஃபஸ், 2025-க்கு காபி பழுப்பில் மோக்கா மூஸ், 2026-க்கு வெள்ளையான கிளவுட் டான்சர். இந்தியாவில் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் 'கலர்நெக்ஸ்ட்' என்ற பெயரில் ஆண்டுதோறும் இப்படி ஒரு கணிப்பை வெளியிடுகிறது. இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் துணி, ஃபர்னிச்சர், பெயின்ட் கம்பெனிகள் இவற்றைக் கவனிக்கின்றன. அந்த நிறங்கள் மெல்ல வாடிக்கையாளர் வீட்டுச் சுவருக்கும் வந்துசேர்கின்றன.

சிக்கல் எங்கே இருக்கிறது?

தஞ்சாவூர் ஓவியத்துக்கு முதலீடு அதிகம். பலகையில் துணி ஒட்டி, மக்கு வைத்து மேடு எழுப்பி, ஜெய்ப்பூர் கற்கள் பதித்து, தங்கத் தாள் ஒட்டி, அதன் பிறகுதான் வண்ணம் தீட்ட வேண்டும். ஒட்டிய தங்கத்தைத் திரும்ப எடுத்து விற்க முடியாது. ட்ரெண்ட் நிறமோ அடுத்த டிசம்பரில் மாறிவிடும். வாங்குபவர் இந்தப் படத்தைத் தலைமுறை தாண்டியும் வீட்டில் வைத்திருக்க நினைப்பவர். பெரிய படம் ஒன்றை முழுக்க இந்த ஆண்டு நிறத்தில் செய்து, அது விற்காமல் நின்றால், தங்கமும் உழைப்பும் சேர்ந்தே முடங்கிப்போகும்.

இன்னொன்று, இந்த மரபில் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. விஷ்ணு நீலம், நடராஜர் வெள்ளை, சிவகாமி பச்சை. பழைய படங்கள் பலவற்றில் குழந்தைக் கிருஷ்ணர் வெள்ளையாகவே இருப்பார். நிறத்தைப் பார்த்தே சாமியை அடையாளம் காண்பவர்கள் இருக்கிறார்கள். இதில் கைவைத்தால் பழைய வாடிக்கையாளரையும் இழக்க நேரிடும்.

தஞ்சாவூருக்கு இது புதுசா?

இல்லை. 1799-ல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆட்சி நிர்வாகத்தை ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அந்தக் காலகட்டத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காகக் காகிதத்தில், நீர்வண்ணத்தில் வேறு வகைப் படங்களைத் தீட்டினார்கள். பல தொழில் செய்பவர்களையும் பல சாதியினரையும் ஜோடி ஜோடியாகக் காட்டும் அந்த 'கம்பெனி பாணி' படங்களை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். புதிய சந்தைக்குப் புதிய சரக்கு செய்தார்கள்; தங்கம் ஒட்டிய சாமிப் படங்களும் தொடர்ந்தன.

இன்று என்ன செய்யலாம்?

பின்னணியில் மட்டும் மாற்றம்: சாமியின் நிறம், தங்கம், கற்கள் அப்படியே இருக்கட்டும். திரைச்சீலை, பின்சுவர், ஃபிரேம் ஆகியவற்றில் புதிய நிறம் வரலாம். வெள்ளையோ பழுப்போ தங்கத்தோடு சண்டை போடாது. அதனால் அண்மைக்கால ட்ரெண்ட் இந்தக் கலைக்குச் சாதகம்தான்.

சின்னதில் சோதனை: ஒரே நிறப் பின்னணியில் நாலைந்து சிறிய படங்களைச் செய்து பார்க்கலாம். அவை விற்றால் மட்டும் பெரிய அளவுக்குப் போகலாம். பெரிய படத்துக்கு, வாடிக்கையாளரிடம் சுவரின் போட்டோ வாங்கி, நிறத்தை உறுதிசெய்த பிறகு வேலையைத் தொடங்குவது பாதுகாப்பு.

நிறத்துக்கு ஊர்ப் பெயர்: இளம்பச்சையை 'நாற்றங்கால் பச்சை' என்றும், பழுப்பை 'காவிரி வண்டல்' என்றும் சொன்னால் டெல்டாவில் வளர்ந்து பெங்களூரில் வேலை பார்ப்பவருக்கு அது வெறும் கலர் இல்லை, சொந்த ஊர் ஞாபகம்.

காலண்டர் முக்கியம்: புது நிறத்தை டிசம்பரில் பார்த்துவிட்டால், தை மாதக் கல்யாண சீசனுக்கே சிறிய பரிசுப் படங்களில் முயன்று பார்க்கலாம். நவராத்திரி, தீபாவளிக்கான பெரிய படங்களுக்குப் பல வாரம் முன்னதாகவே வேலை தொடங்க வேண்டும். எந்த மாதத்தில் தேடல் கூடுகிறது என்று கூகுள் ட்ரெண்ட்ஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

போட்டோவில் நேர்மை: ஃபிளாஷ் பட்டால் தங்கம் வெளுத்து, பின்னணி நிறமும் மாறித் தெரியும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, ஃபில்டர் இல்லாமல் எடுப்பது நல்லது. "போட்டோல வேற கலர், கையில வேற கலர்" என்று படம் திரும்பி வந்தால், அனுப்பிய செலவும் ஓவியர் தலையில்தான்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, ஓவியர்கள் இதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியாகப் பதிவுசெய்யலாம். அச்சடித்த படத்தில் மினுமினுப்பு ஒட்டி விற்பவரும் அதே ட்ரெண்ட் நிறத்தைப் போட முடியும். ஆகவே அழகான பின்னணியைப் பார்த்து ஸ்க்ரோலை நிறுத்தும் வாடிக்கையாளருக்கு, அதற்குக் கீழேயே தங்கம் எத்தனை கேரட், பலகை என்ன, பதிவு எண் எது என்ற விவரங்களும் தெரிய வேண்டும். விலையைப் பார்த்துத் தயங்குபவர் "வாங்கலாம்" என்று முடிவெடுக்க அந்த விவரங்கள்தான் உதவும்.