பவர் டில்லர் எஞ்சினைச் செப்பனிடுவதா, மாற்றுவதா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடி வட்டாரத்தில் நெல், நிலக்கடலை, தென்னை ஆகியவை முக்கியமான சாகுபடிகளாகும். வரப்புகள் நெருங்கிய சிறு வயல்களிலும், பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லாத தோப்புகளிலும் பவர் டில்லரே உழவர்களுக்குப் பெருந்துணையாக விளங்குகிறது. 2018 நவம்பர் மாதத்துக் கஜா புயலில் தென்னைகளை இழந்து மறுநடவு செய்தவர்களுக்கு, இளங்கன்றுகளின் இடையே உழுவதற்கும் களை போக்குவதற்கும் இதனினும் ஏற்ற யந்திரம் இல்லை. மேல்நாடுகளில் தோட்ட டிராக்டர் செய்யும் வேலைகளிற் பலவற்றை இங்கே செய்வது இதுவே.

இவ்யந்திரம் பல்லாண்டுகள் உழைத்தபின் எஞ்சின் தளர்ந்துவிடுமானால், அதனைப் பிரித்துச் செப்பனிடுவதா, புது எஞ்சின் வாங்கிப் பொருத்துவதா என்னும் கேள்வி எழுகிறது. தவறான முடிவு செய்பவர் பணத்தை மட்டுமன்றிப் பருவத்தையும் இழக்க நேரிடும். ஆதலின் இவ்விஷயத்தை ஆராய்ந்தறிதல் நலம்.

யந்திரத்தின் அமைப்பு

இந்தியாவில் பெரிதும் வழங்கும் பவர் டில்லர்கள் இரு மரபினவாகும். ஒன்று, ஜப்பான் நாட்டு மிட்சுபிஷி கம்பெனியின் தொழில்நுட்ப உதவியுடன் பெங்களூரில் 1967-இல் தொடங்கப்பெற்ற வி.எஸ்.டி. கம்பெனியின் தயாரிப்பு. மற்றொன்று, குபோட்டா முறையைத் தழுவிக் கேரளத்து அத்தாணியில் 1973-இல் தோன்றிய காம்கோ என்னும் அரசு நிறுவனத்தின் தயாரிப்பு. இவற்றில் பெருவழக்கிலுள்ளவை 12 அல்லது 13 குதிரைச்சக்தியுள்ள, கிடைநிலையில் அமைந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கொண்டவை. எஞ்சின் முன்சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பெற்று, பெல்ட்டுகளின் வழியாகக் கியர்ப்பெட்டிக்கு விசையைச் செலுத்துகிறது. இவ்வமைப்பினால் எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதும் எளிது. எளிதாயிருப்பதாலேயே பலர் ஆராயாமல் மாற்றிவிடுகின்றனர்.

நோயை அறியும் விதம்

புகையின் நிறம் எஞ்சினின் நிலையை ஒருவாறு அறிவிக்கும். கரும்புகை மிகுதியான பாரத்தையோ, அடைபட்ட காற்று வடிகட்டியையோ, கெட்ட நாசிலையோ குறிக்கும். இவை சிறு செலவில் தீர்வன. நீலப்புகை, எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நீங்காதிருப்பின், அமுக்கம் குறைந்துள்ளதென்றோ, நாசில் சரியாகத் தூவவில்லையென்றோ, நீர் உட்கசிகிறதென்றோ ஐயுறலாம்.

ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து புகை குபுகுபுவென்று எழுமாயின் ரிங்குகளும் லைனரும் தேய்ந்துள்ளன. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. எண்ணெயில் உலோகத்துகள் மின்னுவதும், பாரம் ஏறும்போது கனத்த தட்டொலி கேட்பதும் பேரிங் கெட்டதற்கு அடையாளங்கள். இச்சோதனைகளைச் செய்யாமல் எஞ்சினைப் பிரிக்க எவருக்கும் அனுமதி கொடுத்தலாகாது.

செப்பனிடத்தக்கது எது?

எஞ்சினின் உடலும் கிராங்க் ஷாஃப்டும் நல்ல நிலையிலிருக்குமானால் செப்பனிடுவதே பெரும்பாலும் இலாபகரமானது. லைனர், பிஸ்டன், ரிங்குகள், பேரிங்குகள், கேஸ்கெட்டுகள் ஆகியவற்றைப் புதிதாக இட்டு, வால்வுகளைத் தேய்த்து, எரிபொருள் பம்பையும் நாசிலையும் சோதித்துச் சரிசெய்தால் எஞ்சின் மீண்டும் பல பருவங்களுக்கு உழைக்கும். கிராங்க் ஷாஃப்ட் சிறிது தேய்ந்திருப்பின், அதனைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைந்த அளவுக்குரிய பேரிங்கைப் பொருத்தலாம். அளவு எடுக்காமல் கண்ணால் பார்த்து முடிவு செய்பவரிடம் இவ்வேலையை ஒப்படைத்தல் கூடாது.

எஞ்சினின் உடல் வெடித்திருந்தாலும், கனெக்டிங் ராடு முறிந்து உட்புறத்தை உடைத்திருந்தாலும், கிராங்க் ஷாஃப்ட் கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்திருந்தாலும், உதிரிப்பாகங்கள் கிடைக்காமற் போனாலும் மாற்றுவதே முறை. இறக்குமதி யந்திரம் வைத்திருப்போர் இதில் விசேஷ கவனம் செலுத்தவேண்டும். பவர் டில்லர்களையும், அவற்றின் எஞ்சின் முதலிய முக்கிய உறுப்புகளையும் இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2020 ஜூலையில் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தியது.

கணக்குப் பார்க்கும் முறை

புது எஞ்சினின் விலையை நூறு பங்காகக் கொள்க. செப்பனிடும் செலவு நாற்பது பங்குக்குள் அடங்குமாயின் தயக்கமின்றிச் செப்பனிடலாம். அறுபதைத் தாண்டுமாயின் மாற்றுவதே மேல். இடைப்பட்ட நிலையில் கியர்ப்பெட்டி, கிளச்சு, ரோட்டரி ஆகியவற்றின் நிலையைப் பார்க்கவேண்டும். அவை தளர்ந்திருக்கையில் புது எஞ்சின் பூட்டுவது, உளுத்த உத்தரத்தின்மேல் புது ஓடு வேய்வது போலாகும்.

அந்நிலையில் முழு யந்திரத்தையே புதிதாக வாங்குதல் தக்கதா என்பதையும் ஆலோசிக்கலாம். 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில், புது யந்திரம் வாங்குவோருக்கு விலையில் 40 முதல் 50 சதவீதம் வரை, உச்சவரம்புக்குட்பட்டு, மானியம் வகுக்கப்பெற்றது. பழைய எஞ்சினைச் செப்பனிடுவதற்கு அத்தகைய உதவி இல்லை. ஆகவே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நடப்பு விதிகளை விசாரித்த பின்னரே கணக்கை முடிக்கவேண்டும்.

வேறு எஞ்சின் பொருத்துவோர் கவனிக்க

அதே மாதிரி எஞ்சினைப் பொருத்துவதில் சிக்கல் இல்லை. விலை குறைவென்று வேறு வகை எஞ்சினைப் பூட்டுவோர், அதன் சுழலும் திசை, வேகம், எடை ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். பழைய எஞ்சின் நிமிஷத்திற்கு 2,400 சுற்றும், புதியது 3,600 சுற்றும் சுழல்வனவாயின், எஞ்சின் பக்கத்துப் புல்லியின் விட்டத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தாலன்றி ரோட்டரி ஒன்றரை மடங்கு வேகத்தில் சுழன்று, கியர்ப்பெட்டியைக் கெடுப்பதோடு உழுபவருக்கும் அபாயம் விளைவிக்கும். 12 சென்டிமீட்டர் புல்லிக்குப் பதிலாக 8 சென்டிமீட்டர் புல்லி வேண்டும். பின்புறத்து ரோட்டரியின் எடைக்கு ஈடாக முன்னே நிற்பது எஞ்சினேயாதலால், இலேசான எஞ்சினைப் பூட்டினால் முன்புறம் தூக்கிக்கொள்ளும், கைப்பிடி வசப்படாது.

பதிவு செய்யப்பெற்ற டிராக்டர்களில் எஞ்சினை மாற்றினால், புது எஞ்சினின் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் ஏற்றுவித்தல் அவசியம். கிராம அதிகாரிகள் இதனை உடையவர்களுக்கு எடுத்துரைத்தல் நன்று.

வருமுன் காத்தல்

எஞ்சினுக்குக் கொடிய பகைவன் புழுதியே. கோடையில் செம்மண் புன்செயை உழும்போது எழும் நுண்ணிய தூசி, வடிகட்டி பழுதாயிருப்பின் உள்ளே புகுந்து லைனரை அரைத்துவிடும். புழுதி உழவுக் காலத்தில் வடிகட்டியை நாள்தோறும் திறந்து பார்த்துத் துடைத்தல் வேண்டும். எண்ணெயைக் குறிப்பேட்டில் கண்ட மணிக்கணக்கின்படி மாற்றவேண்டும். குளிர்விக்கும் நீர் குறையவிடலாகாது.

எந்த முடிவாயினும் அதனைச் சம்பா உழவு தொடங்குமுன் கோடையிலேயே செய்துவிடுக. சேற்றில் நின்றுபோன யந்திரத்திற்குப் பட்டறையில் காத்திருக்கும் நாட்களில் வாடகை டிராக்டருக்குக் கொடுக்கும் தொகையும் செப்பனிடும் செலவில் சேர்ந்ததே. ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், மாற்றிய பாகம் ஆகியவற்றை ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வருபவருக்கு, செப்பனிடுவதா மாற்றுவதா என்பதைப் பிறரிடம் கேட்டறியவேண்டிய தேவை அதிகம் இராது.