அபிமானிகளும் ஆட்டக்களமும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் இருவகை ஜனங்கள் விழித்திருக்கக் காண்கிறோம். காவிரியில் நீராடிவிட்டுத் திருப்பாவை சொல்லக் கோயிலுக்குச் செல்வோர் ஒரு வகை. வீட்டுத் திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கைப்பேசியின் முன் குந்தியிருக்கும் வாலிபர்கள் மற்றொரு வகை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் கூடைப்பந்தாட்டம், குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் விடியற்காலை 5.30 மணிக்குக் காணக்கிடைக்கிறது. பெற்றோர் எழுப்பினால் எழாத பிள்ளைகளை அந்த ஆட்டம் எழுப்பிவிடுகிறது!

அத்தகைய வாலிபர் ஒருவரிடம் சென்ற வாரம் நாம் பேச்சுக் கொடுத்தோம். அமெரிக்க ஆட்டக்காரர்களின் உயரம், சம்பளம், சென்ற பத்து வருஷத்தில் யார் யார் எந்த அணியிலிருந்து எந்த அணிக்கு மாறினார்கள் என்பனவற்றையெல்லாம் அவர் மடமடவென்று ஒப்பித்தார். இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை வகித்த தமிழ்ப் பெண் யார் என்று கேட்டோம். விழித்தார். தாம் கடைசியாகப் பந்தைக் கையால் தொட்டது எப்போது என்று கேட்டோம். தலை குனிந்தார்.

இந்த வாலிபரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமன்று. ‘பிறர் ஆடுவதைப் பார்த்துப் பொழுது போக்கும் சோம்பேறிகள்’ என்று பெரியோர் சிலர் இவர்களை ஏசுகிறார்கள். அந்த ஏச்சில் நியாயம் பாதிதான். சங்கீதக் கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பவர் அனைவருக்கும் பாட வருமா? வராது. ஆயினும் அவர்கள் இல்லாவிடில் வித்வான் யாருக்காகப் பாடுவார்? கச்சேரி முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் இந்த ராகமா அந்த ராகமா என்று சண்டையிட்டுக்கொண்டு போகும் ரசிகர்களே ஒரு கலைக்கு வேலியும் எருவும் ஆவர். ஆட்டத்துக்கும் அவ்விதமே.

கூடைப்பந்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1950ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆட்டத்தில், எதிரணியிடம் பந்து சேராதபடி அதைக் கையில் வைத்துக்கொண்டே ஓர் அணியினர் காலத்தைக் கடத்தினர். முடிவில் ஓர் அணிக்கு 19 புள்ளி, மற்றதற்கு 18. காசு கொடுத்து வந்த ஜனங்கள் சலித்துப்போயினர். இவ்விதமே போனால் ஆட்டம் பிழைக்காது என்று கண்டு, 1954இல் புதிய விதியொன்றை வகுத்தனர். பந்தைப் பெற்ற அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அது என்ன 24? சுவையான ஆட்டம் ஒன்றில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை எறிவதைக் கணக்கிட்டார் ஓர் அணியின் சொந்தக்காரர். ஆட்ட நேரமோ 48 நிமிஷம், அதாவது 2,880 விநாடி. அதை 120ஆல் வகுத்தால் 24. பார்ப்பவனின் கொட்டாவி ஆட்டத்தின் சட்டத்தையே மாற்றிவிட்டது! ஆகவே, அபிமானி ஆட்டத்தில் ஒரு கட்சிக்காரனே என்பது நமது தீர்மானமான அபிப்பிராயம்.

ஆனால் கட்சிக்காரனுக்கு உரிமை உண்டென்றால் கடமையும் உண்டு. இந்த ஆட்டம் பார்ப்பதற்காகப் பிறந்ததன்று. 1891ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்கு ஒரு தேகப்பயிற்சி வேண்டுமென்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் மாட்டி, 13 விதிகளை எழுதினார். அவ்வளவுதான் மூலதனம். இரண்டு கூடை, ஒரு பந்து, ஒரு காகிதம்.

அந்தக் கூடை நம் நாட்டுக்கு வந்தும் நூறாண்டுக்கு மேலாயிற்று. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் இதை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். 1934 முதல் தேசியப் போட்டிகள் நடந்து வருகின்றன. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் அணி ஆடிற்று. ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லையாயினும், அங்கே நின்றது. 2015இல் பஞ்சாபின் சத்னம் சிங்கை அமெரிக்கத் தொழில்முறை அணியொன்று தேர்ந்தெடுத்தது. 2022இல் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் ஆண்கள் பட்டம் தமிழ்நாட்டுக்கே கிடைத்தது.

அந்த வாலிபர் விழித்த கேள்விக்கு விடை இதுதான்: அனிதா பால்துரை. சென்னையில் வளர்ந்த பெண். 19 வயதில் இந்திய அணியின் தலைவியானார். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டிகளில் நாட்டுக்காக ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கினால் அன்றே அறிந்து வருந்தும் நம் வாலிபருக்கு இந்தப் பெயர் எட்டவில்லை. இது யார் பிழை?

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: பத்திரிகைக்காரர்களாகிய நமது பிழையே முதற்பிழை. கடல் கடந்து வரும் செய்தியைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மாவட்டப் போட்டியின் முடிவை விளம்பரத்துக்கு அடியில் இரண்டு வரியாக ஒதுக்கியவர்கள் நாம். வக்கீலாகவும் இருந்து பழகிய நமக்கு, தன் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்ளாதவன் பிறர்மீது வழக்குத் தொடுத்தால் நிற்காது என்பது தெரியும். இனித் திருச்சி மாவட்டத்தில் நடக்கும் எந்தக் கூடைப்பந்துப் போட்டியின் முடிவானாலும், ஆண்கள் ஆடியதாயினும் பெண்கள் ஆடியதாயினும், ஆடியோரின் பெயரோடு நமது பத்திரிகையில் வெளிவரும். இது வாசகர்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் பத்திரம்.

இரண்டாவது பிழை, பூட்டிய கதவுகளுடையது. மாலை 5 மணிக்குமேல் பள்ளிக்கூட மைதானத்தின் கதவுக்கு வெளியே பந்தை அணைத்துக்கொண்டு நிற்கும் சிறுவர்களை நாம் கண்டதுண்டு. உள்ளே கம்பமும் வளையமும் சும்மா நிற்கின்றன. 1994இல் திருச்சி மாநகராட்சி ஆனபோது ஸ்ரீரங்கமும் அதனுள் அடங்கிற்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இத்தனை ஆயிரம் குடும்பங்கள் வாழும் தீவில், எவரும் கேளாமல் நுழைந்து ஆடக்கூடிய களம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று வேண்டுமென்பது பேராசையா? ஒரு களத்துக்கு வேண்டிய நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர், வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். இரவு 9 மணிவரை எரிய நான்கு விளக்கு. பெண்களுக்கென்று தனியே ஒரு மணி நேரம்.

பெண்களுக்கென்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. திருச்சி ரயில்வே ஊர். 1928இல் பொன்மலைத் தொழிற்சாலை திறந்த நாள் முதல் எத்தனையோ குடும்பங்களுக்கு ரயில்வேயே சோறு போட்டது. அதே ரயில்வேயின் பெண்கள் அணிதான் தேசியக் கூடைப்பந்தில் நெடுங்காலமாக ஓங்கி நிற்கிறது. ஆட்டத்தில் தேர்ந்தவர்களுக்கு அங்கே உத்தியோகமும் உண்டு. ஏழை வீட்டுப் பெண் ஒருத்திக்குப் பந்து விளையாட்டுப் பொருளாக மட்டும் இராது. சொந்தக் காலில் நிற்கும் ஜீவனமாகவும் ஆகலாம். அவளுக்குக் கதவைப் பூட்டுவது, அவள் சோற்றுப் பானையைக் கவிழ்ப்பதாகும்.

மூன்றாவதாக, அபிமானிகளே, உங்களிடம் வருகிறோம். நீங்கள் விடியற்காலையில் விழிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த அறிவில் கால் பங்கை ஊருக்குக் கொடுங்கள் என்றே கேட்கிறோம். அண்ணா விளையாட்டரங்கில் போட்டி நடந்தால் போய் உட்காருங்கள். புள்ளிக் கணக்கை எழுதி நமக்கு அனுப்புங்கள். மூன்று புள்ளி எறிதல் ஆட்டத்தைக் கெடுத்ததா வளர்த்ததா என்று நள்ளிரவு வரை வாதிடும் நீங்கள், உங்கள் வட்டாரத்துக் கவுன்சிலரிடம் ஒரு களத்துக்காகக் கால்மணி நேரம் வாதிடலாகாதா? பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு நீங்கள் அறிந்த விதிகளைச் சொல்லிக் கொடுக்கலாகாதா?

கடல் கடந்த ஆட்டக்காரனுக்கு உங்கள் கைதட்டல் கேட்காது. நம் ஊர்ப் பெண்ணுக்குக் கேட்கும். அடுத்த மாவட்டப் போட்டியன்று அரங்கின் படிகளில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று நாமே நேரில் வந்து எண்ணப்போகிறோம். அந்த எண்ணிக்கையையும் பத்திரிகையில் வெளியிடுவோம்.